சான்றிதழ் கொடுத்தாச்சு, அப்புறம்?

ஆப்பிரிக்க நாடுகளில் இளம்பெண்களுக்குப் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்து, பத்திரிகை, டிவி என்று ஊடக வேலைகளுக்குத் தயார் செய்யும் பயிற்சிகள் பல வருடங்களாக நடக்கின்றன. இந்தப் பதிவு அவற்றைப் பற்றித்தான். "வதோதராவில் உட்கார்ந்து பேங்க் வேலை பார்க்கிற உனக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே எங்க வீட்டு ரங்கமணி கேட்டாச்சு :-)

சம்பந்தம் இருக்கிறது. பயிற்சி, அதன் பிறகு கடன், அதன் பிறகு தவணை என்பது என் தினசரிப் பிழைப்பு. இந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் ஆப்பிரிக்கப் பிள்ளைகள் எங்கள் கவுன்டருக்கு வந்து போகிறார்கள். அதோடு, சொந்த ஊரை விட்டு வந்து வேற்று பாஷைக்காரர்கள் நடுவில் வாழும் நமக்கு, அடுத்தவன் எடுக்கிற படத்தில் நாம் எப்படித் தெரிகிறோம் என்ற கவலை புதிதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சிகள் ரொம்ப அவசியம். இதைத் தர்ம காரியமாகப் பார்க்கக்கூடாது, தொழிலாகப் பார்க்கவேண்டும். இரண்டு வாரப் பட்டறை, கடைசி நாள் குரூப் போட்டோ, கையில் ஒரு சான்றிதழ் என்று முடித்துக்கொண்டால் அது பாதிக் கிணறு தாண்டின கதைதான்.

ஏன் அவசியம்?

1993 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் ஒரு படம் வந்தது. பலரும் பார்த்திருப்பீர்கள். தெற்கு சூடானில் பசியில் சுருண்டு கிடக்கும் ஒரு குழந்தை, பின்னால் காத்திருக்கும் கழுகு. எடுத்தவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கெவின் கார்ட்டர். 1994ல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்தக் குழந்தையைப் பெண் குழந்தை என்றுதான் உலகம் முழுக்க எழுதினார்கள். 2011ல் ஒரு ஸ்பானிஷ் பத்திரிகையாளர் அந்த இடத்துக்கே போய் விசாரித்தார். அது ஆண் பிள்ளை, அந்தப் பஞ்சத்தில் சாகவில்லை, பிழைத்து வளர்ந்தான் என்று அப்பாவே சொன்னார். பதினெட்டு வருடம் உலகமே பார்த்த ஒரு படம். அதில் இருப்பது பையனா பெண்ணா என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை.

கார்ட்டரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் படத்தால்தான் பலருக்கு அந்தப் பஞ்சமே தெரிந்தது. ஆனால் விமானத்தில் வந்து இறங்கி, படமெடுத்து, அடுத்த விமானத்தில் கிளம்புகிறவருக்குப் பெயர் கேட்க நேரம் இருப்பதில்லை. அந்த ஊர்க்காரி ஒருத்தி கையில் கேமரா இருந்திருந்தால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நமக்கும் இந்த அனுபவம் கொஞ்சம் உண்டு. 1968ல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் செய்த பாட்டு வாத்தியார் வேஷத்தை ஞாபகம் இருக்கிறதா? குடுமி, நெற்றியில் பட்டை, வாயைத் திறந்தால் "ஐயய்யோ". படம் நல்ல தமாஷ்தான், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் வடக்கே வந்து இறங்கிய எத்தனை தமிழ்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அந்த "ஐயய்யோ"வை வைத்தே கேலி செய்தார்கள்! ஒரே ஒரு படம் ஒரு இனத்துக்கே அடையாள அட்டை ஆகிவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நமக்காவது கேலியோடு போயிற்று. ஆப்பிரிக்காவுக்குக் கிடைத்த அடையாள அட்டையில் பசி, துப்பாக்கி, சிங்கம் தவிர வேறு எதுவும் கிடையாது.

சரி, உள்ளூர்க்காரர்கள் எடுக்கட்டும். ஏன் குறிப்பாகப் பெண்கள்?

முதல் காரணம் எண்ணிக்கை. வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு 2015ல் உலகம் முழுக்க செய்திப் புகைப்படக்காரர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பதில் சொன்னவர்களில் சுமார் 85 சதவீதம் ஆண்கள். அதே 2015ல் வந்த உலக ஊடகக் கண்காணிப்பு ஆய்வு, செய்திகளில் பேசப்படும், பேட்டி காணப்படும் மனிதர்களில் பெண்கள் 24 சதவீதம்தான் என்றது. 2020ல் அது 25 ஆனது. ஐந்து வருடத்துக்கு ஒரு சதவீதம்! எங்கள் சேமிப்புக் கணக்கு வட்டியைவிட மோசம்.

இரண்டாவது காரணம், உள்ளே போக முடிவது. ஆண் புகைப்படக்காரரால் எட்டிப் பார்க்கவே முடியாத இடங்கள் ஏராளம். பிரசவ வார்டு, பெண்கள் மட்டும் கூடும் கல்யாணச் சடங்கு, அடிபட்ட பெண்கள் தங்கியிருக்கும் காப்பகம். தென்னாப்பிரிக்காவின் ஜோடி பீபர் 2010ல் காபூலில் எடுத்த படம் டைம் பத்திரிகையின் அட்டையில் வந்தது. கணவன் வீட்டாரால் மூக்கும் காதும் அறுக்கப்பட்ட ஆப்கன் இளம்பெண், தலை நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறாள். அந்த வருடத்தின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ முதல் பரிசு அதற்குத்தான். அந்தப் பெண் ஒரு ஆண் கேமராவுக்கு முன்னால் அப்படி உட்கார்ந்திருப்பாளா என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, கண் வேறு. நைஜீரியாவின் வடகிழக்கில் மைதுகுரி என்ற ஊர். போகோ ஹராம் தீவிரவாதிகளால் உலகத்துக்குத் தெரியவந்த ஊர். அங்கே பிறந்த ஃபாத்தி அபுபக்கர் படித்தது நர்சிங். 2015ல் கேமராவைத் தூக்கிக்கொண்டு 'பிட்ஸ் ஆஃப் போர்னோ' என்று இன்ஸ்டாகிராமில் ஊர்ப் படங்களைப் போட ஆரம்பித்தார். அகதி முகாமும் உண்டு. கூடவே கடைக்காரர், புதுத்துணி போட்ட குழந்தை, சிரிக்கும் பாட்டி எல்லாரும் உண்டு. குண்டு வெடித்த ஊரிலும் மறுநாள் காலையில் கடை திறக்கிறார்கள் என்பது உள்ளூர்க்காரிக்குத்தான் செய்தியாகத் தெரிகிறது.

இது புதுக் கதை இல்லை

ஆப்பிரிக்கப் பெண்ணும் கேமராவும் என்றதும் ஏதோ தொண்டு நிறுவனங்கள் நேற்று கண்டுபிடித்த விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. கானா நாட்டின் ஃபெலிஷியா அப்பான், அப்பாவின் ஸ்டுடியோவில் 14 வயதில் தொழில் பழகியவர். கல்யாணம் ஆனதும் 1950களில் அக்ராவின் ஜேம்ஸ்டவுன் பகுதியில் சொந்த ஸ்டுடியோ திறந்தார். விருந்துக்குக் கிளம்புமுன் நன்றாக உடுத்திக்கொண்டு தன்னையே ஒரு படம் எடுத்துக்கொள்வாராம். ஸ்டுடியோவுக்கு அதுதான் விளம்பரம். செல்ஃபி என்ற சொல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னால், செலவில்லாத மார்க்கெட்டிங்! 1960களில் அதிபர் க்வாமே இன்க்ருமாவையும் அவர் அதிகாரபூர்வமாகப் படமெடுத்தார். 2019ல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் கானாவின் அரங்கில் அவர் படங்கள் இருந்தன. 2024ல் காலமானார். என் கண்ணுக்கு அவர் முதலில் தொழில் முனைவோர், கலைஞர் என்பதெல்லாம் அப்புறம்தான்.

எங்கள் வதோதராவுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா தன் கடைசி வருடங்களைக் கழித்தது இங்கேதான். 1913ல் நவ்சாரியில் பிறந்தவர். அவருக்குக் கேமரா பழக்கியவர் பின்னாளில் கணவரான மானெக்‌ஷா. ஆரம்பத்தில் இவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாகின. நேரு, மவுன்ட்பேட்டன், காந்தியின் இறுதி ஊர்வலம் என்று அத்தனையும் எடுத்தவர், 1970ல் கேமராவை வைத்துவிட்டார். பிறகு பல வருடம் அவர் யார் என்று அக்கம்பக்கத்தில் பலருக்குத் தெரியாது. 2011ல் பத்ம விபூஷண் வந்தது. 2012 ஜனவரியில் போய்விட்டார். திறமை, உழைப்பு, தைரியம் எல்லாம் இருந்தும், படத்துக்குக் கீழே தன் பெயர் வர அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் காத்திருக்கும் பெண்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், லாகோஸிலும் நைரோபியிலும்.

நல்ல பயிற்சிக்கு உதாரணமும் உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கின் நியூடவுன் பகுதியில் 'மார்க்கெட் போட்டோ ஒர்க்‌ஷாப்' என்று ஒரு பள்ளி. டேவிட் கோல்ட்பிளாட் என்ற பெரிய புகைப்படக்காரர் 1989ல், நிறவெறி ஆட்சி இன்னும் முடியாத காலத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கவேண்டும் என்று ஆரம்பித்தது. மேலே சொன்ன ஜோடி பீபர் அங்கே படித்தவர். லெபோஹாங் ககன்யேயும் அங்கே படித்தவர். 2024ல் லண்டனில் டாய்ச்ச பூர்ஸ புகைப்படப் பரிசு வாங்கினார். கோல்ட்பிளாட் 2018ல் இறந்துவிட்டார், பள்ளி நடக்கிறது. நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், வைத்தவர் போன பிறகும் காய்க்கிற மரம்.

மாலி நாட்டுத் தலைநகர் பமாகோவில் 1994லிருந்து ஆப்பிரிக்கப் புகைப்படத் திருவிழா நடக்கிறது. சைது கெய்த்தா, மாலிக் சிதிபே என்று அந்த ஊர் ஸ்டுடியோக்காரர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். எல்லாம் ஆண்கள். அதே ஊரில்தான் இளம்பெண்களுக்கென்றே 'ப்ரோமோ ஃபாம்' என்ற பயிற்சி மையம் வந்தது. 2002ல் அங்கே பயிற்சியை ஆரம்பித்தவர் ஃபாத்துமாத்தா தியாபாத்தே. இன்றைக்கு ஊர் ஊராக ஸ்டுடியோவைக் கொண்டுபோய் படமெடுக்கும் கலைஞர். எத்தியோப்பியாவில் பிறந்த அய்தா முலுனே வாஷிங்டன் போஸ்ட்டில் படமெடுத்துவிட்டு ஊர் திரும்பி, 2010ல் அடிஸ் போட்டோ ஃபெஸ்ட் என்ற விழாவை ஆரம்பித்தார். தன் தொழில் நன்றாகப் போனால் போதும் என்று இருக்காமல், இளையவர்களுக்குப் பட்டறையும் நடத்தினார்.

இவற்றில் எதுவும் இரண்டு வாரத்து வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள். வருடக்கணக்கில் ஒரே ஊரில், கதவு திறந்தே இருந்த இடங்கள்.

பேங்க்காரியின் கணக்கு

இனி என் பேட்டைக்கு வருகிறேன்.

நம் நாட்டில் ஆர்செட்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கிராமப்புற இளைஞர்களுக்குச் சுயதொழில் பயிற்சி தரும் மையம், மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பேங்குகள் நடத்துகின்றன. 1982ல் கர்நாடகாவின் உஜிரேயில் ஆரம்பித்த ருட்செட்டிதான் இதற்கு மூலம். தையல், மாடு வளர்ப்பு, செல்போன் ரிப்பேர் வரிசையில் போட்டோகிராபி, வீடியோகிராபியும் அங்கே ஒரு பாடம். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பயிற்சி முடிந்த பிறகு இரண்டு வருடம் அந்தப் பிள்ளையின் பின்னாலேயே போகவேண்டும். தொழில் ஆரம்பித்தாளா, கடன் கிடைத்ததா, ஓடுகிறதா என்று கேட்டு எழுதவேண்டும். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பது ஒரு கட்டம், எத்தனை பேர் 'செட்டில்' ஆனார்கள் என்பது இன்னொரு கட்டம். மேலதிகாரி முதலில் பார்ப்பது இரண்டாவதைத்தான். நம் திட்டங்களில் ஆயிரம் ஓட்டை இருக்கும். ஆனால் இந்த ஒரு கட்டத்தை வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

ஆப்பிரிக்காவில் வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் பல பட்டறைகளின் ஆண்டறிக்கையில் இந்த இரண்டாவது கட்டத்தைத் தேடிப் பாருங்கள். "இத்தனை இளம்பெண்களுக்குப் பயிற்சி அளித்தோம்" என்று இருக்கும். கண்காட்சிப் படம் இருக்கும். இரண்டு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் மாதாமாதம் கேமராவால் சம்பாதிக்கிறார்கள்? பெரும்பாலும் அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருக்கும். பட்டறைக்கு வந்த கேமராக்கள் பெட்டியில் ஏறித் திரும்பிப் போயிருக்கும். கற்றுக்கொண்டதை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வாள்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

போன வருடம் எங்கள் கிளைக்கு ஒரு தான்சானியா மாணவி வந்தாள். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஊடகப் படிப்பு. ஊரிலிருந்து அப்பா அனுப்பிய பணம் வந்து சேரவில்லை என்று விசாரிக்க வந்தவள், காத்திருந்த நேரத்தில் தன் படங்களை போனில் காட்டினாள். அவள் ஊர்க் கல்யாணங்களில் பெண்கள் தனியாகக் கூடும் சடங்குக்கு ஆண் போட்டோகிராபர் வரக்கூடாதாம். சித்தி, அத்தை கல்யாணமெல்லாம் சின்னப் பெண்ணாக இருந்தபோதே இவள்தான் எடுத்திருக்கிறாள். மருதாணிக் கைகளும் சிரிப்பும் நம் வீட்டுக் கல்யாணம் போலவே இருந்தன. "மேடம், கேமரா வாங்க லோன் தருவீங்களா?" என்று கேட்டாள். வெளிநாட்டு மாணவி, இங்கே வேலைக்குப் போக அனுமதி கிடையாது, வருமானம் கிடையாது. விதியில் இடமில்லை என்பதைச் சொன்னேன். கோபப்படவில்லை, சிரித்தாள். "எங்க ஊர் பேங்க்லயும் இதையேதான் சொன்னாங்க மேடம். உன் பேர்ல என்ன சொத்து இருக்குன்னு கேட்டாங்க."

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. கடன் கொடுப்பவன் பார்ப்பது மூன்று: அடமானம், ஜாமீன், வருமானம். பல ஊர்களில் நிலமும் வீடும் ஆண்கள் பெயரில். ஜாமீன் போட அப்பாவோ அண்ணனோ வரவேண்டும். "போட்டோ பிடிக்கப் போறியா?" என்று முகம் சுளிப்பவர்கள் வருவார்களா? வருமானமோ, உதிரி வேலை. எடுத்த படத்துக்குப் பணம் இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்து வரும். பி.காம் முதல் வருடத்திலேயே படித்ததுதான்: லாபம் வேறு, கையில் காசு வேறு. வரவேண்டிய பாக்கி ஏட்டில் இருந்தால் வீட்டு வாடகை கட்ட முடியாது. போதாததற்குக் கேமரா தேய்மானமாகும் பொருள். நாலு வருடத்தில் விலை பாதிக்கும் கீழே. திருடு போனால் எல்லாமே போச்சு.

இதற்கு வழியில்லையா? இருக்கிறது. இங்கிருந்து நூறு கிலோமீட்டரில் அகமதாபாத். 1974ல் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டு சேவா பேங்கை ஆரம்பித்தார்கள். காய்கறி விற்பவர்கள், தலைச்சுமைக்காரர்கள். மற்ற பேங்குகள் வாசலில் நிறுத்தியவர்கள். அதே சேவா 1984ல் இருபது பெண்களுக்கு வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுத்தது. அதில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். பட்டறை முடிந்து கேமரா ஊர் திரும்பவில்லை. 'வீடியோ சேவா' என்று அவர்களுக்கே ஒரு அமைப்பானது, தங்கள் சங்கத்தின் வேலையை அவர்களே படமாக்கினார்கள். பயிற்சி, கருவி, வேலை மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. புந்தேல்கண்டில் 2002ல் ஆரம்பித்த 'கபர் லஹரியா' பத்திரிகையும் அப்படித்தான். கிராமத்துப் பெண்களை நிருபர்களாக்கி, பிறகு கையில் ஸ்மார்ட்போனைக் கொடுத்தது. பயிற்சி கொடுத்தவர்களே வேலையும் கொடுத்தார்கள்.

ஆகவே என்னைக் கேட்டால், ஒரு பயிற்சித் திட்டத்தில் குறைந்தபட்சம் இவை இருக்கவேண்டும்:

1. கருவி. இலவசமாகக் கொடுத்தால் மதிப்பில்லை, வட்டிக்கு வாங்கினால் கட்ட முடியாது. பொதுக் கேமரா, லென்ஸ் வைத்து வாடகைக்குத் தருவது, பிறகு சிறு தவணையில் சொந்தமாக்குவது. காப்பீடும் சேர்த்து.

2. முதல் ஆறு மாதத்துக்குக் கூலியுள்ள வேலை. உள்ளூர்ப் பத்திரிகைகளுடன் முன்னாலேயே பேசி வைக்கவேண்டும். சும்மா "அனுபவம் கிடைக்கும்" என்று வேலை வாங்குவது கூடாது.

3. கணக்கும் காகிதமும். பில் போடுவது எப்படி, ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்க்கவேண்டும், காப்புரிமையை யாருக்கு எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கலாம். படம் என்பது வீடு மாதிரி. வாடகைக்கு விடலாம். ஒரே கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் அழக்கூடாது. இந்தப் பாடத்தை எஃப்-ஸ்டாப், ஷட்டர் ஸ்பீடுக்கு முன்னால் வைத்தாலும் தப்பில்லை.

4. பாதுகாப்பு. இரவு வேலைக்கு வண்டி, கூட்டத்துக்குத் துணை, எடிட்டரோ சக ஊழியரோ தொல்லை கொடுத்தால் புகார் சொல்ல ஒரு ஆள். இது இல்லாமல் அனுப்பினால் ஆறே மாதத்தில் வீட்டில் கேமராவைப் பிடுங்கி வைப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

5. இரண்டு வருடக் கணக்கு. நம் ஆர்செட்டிக் கட்டம்.

"ஆனாலும்..." என்பவர்களுக்கு

தமிழ்ச் சங்கத்தில் இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது வந்த மறுப்புகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"சாப்பாட்டுக்கே கஷ்டப்படற இடத்தில கேமரா எதுக்கும்மா?" என்றார் ஒரு மாமா. மாமா, அது 54 நாடுகள் உள்ள கண்டம். கென்யாவில் செல்போனிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா 2007ல் வந்துவிட்டது. நம்ம யுபிஐ வந்தது 2016ல். நைஜீரியாவின் நாலிவுட், எண்ணிக்கையில் உலகத்தின் பெரிய சினிமாத் தொழில்களில் ஒன்று. கல்யாணம், விளம்பரம், செய்தி என்று அங்கே படத்துக்குச் சந்தை இருக்கிறது. "சாப்பாட்டுக்கே கஷ்டம்" என்ற ஒரே வரி உங்கள் மனதில் நிற்கிறதே, அது யார் எடுத்த படங்களால் என்று யோசியுங்கள்.

"எல்லார் கையிலயும் போன் இருக்கு, போட்டோகிராபர் வேலையே போகுதே" என்றார் ஒரு தம்பி. நியாயமான கேள்வி. 2013ல் சிகாகோ சன்-டைம்ஸ் தன் 28 முழுநேரப் புகைப்படக்காரர்களையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு, நடக்காததைப் படமாக்கிக் காட்டுகிறது. அதனால்தான் "நான் அங்கே இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்" என்று பெயர் போட்டுச் சொல்லக்கூடியவருக்கு மதிப்பு கூடும் என்று நினைக்கிறேன். ஆனால் பயிற்சி கொடுப்பவர்கள் இந்த நிலவரத்தைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. ஸ்டில் மட்டும் போதாது, வீடியோ, ஒலி, எடிட்டிங், எழுத்து எல்லாம் சேர்த்தே கற்றுக்கொடுக்கவேண்டும். வேலை கிடைக்காத படிப்பைக் கொடுத்துவிட்டு 'அதிகாரமளித்தல்' என்று பேர் வைப்பது ஏமாற்று.

"திறமையான உள்ளூர்ப் பெண்கள் கிடைக்கவில்லை" என்பது பெரிய பத்திரிகை ஆசிரியர்களின் பழைய பல்லவி. 2016ல் ஆப்பிரிக்கப் புகைப்படப் பத்திரிகையாளர்களின் பட்டியல் ஒன்று தயாரானது. 2017ல் 'விமன் போட்டோகிராஃப்' என்று பெண்களுக்கான பட்டியலும் வந்தது. 2020ல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது வெளிநாட்டுப் பத்திரிகைகள் உள்ளூர்க்காரர்களைத்தான் கூப்பிட வேண்டிவந்தது. அப்போது கிடைத்தவர்கள் அதற்கு முன்னால் ஏன் கிடைக்கவில்லை? ஒரு ஆளை ஐரோப்பாவிலிருந்து விமானம், ஓட்டல் கொடுத்து வரவழைத்து, அவருக்கு வழிகாட்ட உள்ளூர்ப் பெண்ணைத் தினக்கூலிக்கு வைப்பது செலவுக் கணக்கிலும் அபத்தம்.

நம் வீட்டுப் பக்கம்

இதையெல்லாம் படிக்கும் உங்களில் பலர் வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் பெண் இருப்பாள். "விஸ்காம் படிக்கிறேன், போட்டோகிராபி பண்றேன்" என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "முதல்ல ஒரு டிகிரி முடி, அப்புறம் ஹாபியா வச்சுக்கோ." பிள்ளையின் நன்மைக்குத்தான் சொல்கிறோம், சந்தேகமில்லை. வேலை நிரந்தரமா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவாள், கல்யாணப் பேச்சில் என்ன சொல்வது என்று நமக்கு இருக்கும் அதே கவலைகள்தான் அக்ராவிலும் பமாகோவிலும் உள்ள அம்மாக்களுக்கும். "பயப்படாதீங்க" என்று அவர்களிடம் சொல்வதால் பிரயோஜனமில்லை. பயம் தேவையில்லாத மாதிரி வேலையை அமைத்துக் கொடுத்தால் அனுப்புவார்கள். திருநெல்வேலியிலிருந்து என்னைத் தனியாக குஜராத்துக்கு என் அம்மா அனுப்பியது என் தைரியத்தை நம்பி அல்ல. மாதச் சம்பளம், பேங்க் குவார்ட்டர்ஸ், கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள், இதை நம்பித்தான்.

இன்னொன்று. நம் ஊர்களில் படிக்கும் ஆப்பிரிக்கப் பிள்ளைகளை நாம் நடத்தும் விதம் பெருமைப்படும்படி இல்லை. 2017ல் கிரேட்டர் நொய்டாவில் அவர்களைக் கூட்டமாக அடித்த வீடியோவை நாடே பார்த்தது. அந்தப் பிள்ளைகளில் சிலர் ஊடகம் படிக்கிறார்கள். நாளைக்கு அவர்கள் ஊர்ப் பத்திரிகையில் இந்தியாவைப் பற்றிய படத்துக்குக் கீழே அவர்கள் பெயர் இருக்கும். நல்ல படம் வரவேண்டும் என்பதற்காக மட்டும் நல்லபடி நடக்கச் சொல்லவில்லை. நாமும் ஒரு காலத்தில் வீடு வாடகைக்குக் கிடைக்காமல் அலைந்த 'மதராசி'கள்தான் என்பதால் சொல்கிறேன்.

உங்களில் சிலர் வேலை பார்க்கும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும், வெளிநாட்டில் இருப்பவர்களின் நன்கொடையும் இந்த மாதிரிப் பயிற்சிகளுக்குப் போகிறது. அடுத்த தடவை அறிக்கை வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இரண்டு வருடம் முன்னால் பயிற்சி முடித்த பெண்களில், போன மாதம் படமெடுத்துக் காசு வாங்கினவர்கள் எத்தனை பேர்?" பதில் எண்ணாக வரட்டும். குரூப் போட்டோவாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பி.கு: உங்களுக்குத் தெரிந்து இப்படிப் பயிற்சி முடித்து உண்மையிலேயே தொழிலில் நிற்கும் பெண்கள் இருந்தால், எந்த நாடானாலும் சரி, பின்னூட்டத்தில் சொல்லுங்கள். கேமராவுக்குப் பணம் எப்படிப் புரட்டினார்கள் என்பதையும் சேர்த்து. பேங்க்காரி புத்தி, என்ன செய்ய :-)